இன்னொரு மாந்தீவு வேண்டாம்

மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவை அறியாதார் நம் மாவட்டத்தில் இலர். தொழுநோய் கண்டவர்களைத் தோணியேற்றிக் கொண்டுபோய் வைத்த தீவு அது. அவர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் அதிகாரத்தை 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் குடியேற்ற ஆட்சிக்கு வழங்கியது. சட்டம் அந்நியனுடையது, அதற்குத் தலையசைத்த அச்சமோ நம்முடையது. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, தொழுநோய் முற்றாகக் குணமாகும் நோயாயிற்று. அதன் பின்னரும், திரும்பிச் செல்ல வீடின்றி அத்தீவிலேயே முதுமை எய்தியோர் உண்டு. கிருமி உடலை விட்டு அகன்ற பின்னும், ஊரார் மனத்தை விட்டு நோய் அகலவில்லை.

அதே கொடுமையை இன்று எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கு நாம் இழைத்து வருகிறோம். இம்முறை தீவும் தேவைப்படவில்லை, தோணியும் தேவைப்படவில்லை. நாவு ஒன்றே போதுமானதாயிருக்கிறது.

விஞ்ஞானம் கூறுவதென்ன? இலங்கையில் இத்தொற்று முதன்முதலில் 1987இல் அறியப்பட்டது. அன்று அது மரண தண்டனைக்கு ஒப்பாயிருந்தது. 1996 அளவில் கூட்டு மருந்துகள் அந்நிலையை மாற்றின. 2004 முதல் அம்மருந்துகள் நம் நாட்டின் அரச சிகிச்சை நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன. நாள்தோறும் தவறாது மருந்துண்டு, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலமும் தொற்றுப் பரவுவதில்லை என்பதை 2016இலும் 2019இலும் வெளியான ஐரோப்பிய ஆய்வுகள் நிறுவியுள்ளன. ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலோ, ஒரே வாங்கில் அமர்வதாலோ இது என்றுமே பரவியதில்லை.

மருந்து உண்டு, விலையும் இல்லை. பின் தடையாய் நிற்பது எது? படுவான்கரையின் கூலி விவசாயி ஒருவன் சிகிச்சை நிலையத்துக்கு வரவேண்டுமானால் ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் தேட வேண்டும். இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்பவனும், அந்த வாசலில் தன்னை எவரேனும் கண்டுவிடுவரோ என்ற அச்சத்தைத் தாங்கமாட்டான். 2014இல் மண்முனையில் பாலம் அமைந்தது. வாவியைக் கடப்பது எளிதாயிற்று. ஊர்ப்பழியைக் கடக்க எவர் பாலம் அமைத்தார்?

'ஒழுக்கம் கெட்டவர்க்கு வந்த நோய்' என்போர் நம்மிடையே மலிந்துள்ளனர். அவர்களைக் கேட்கிறேன்: கணவனிடமிருந்து தொற்றைப் பெற்ற மனைவி எந்த ஒழுக்கத்தில் தவறினாள்? தாயிடமிருந்து பெற்ற சிசு செய்த பிழை யாது? வறுமை துரத்த வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்ணாகச் செல்கிறாள் நம் சகோதரி. அவள் அனுப்பும் பணத்தைக் கைநீட்டி வாங்கும் சமுதாயம், அவள் நோயுற்றுத் திரும்பினால் ஒழுக்கம் பேசுகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையோ ஒருபால் உறவைக் குற்றமாக்கியது. குற்றவாளி என்னும் பெயருக்கு அஞ்சுபவன் வைத்தியரிடம் எங்ஙனம் வாய் திறப்பான்?

'அனைவரையும் கட்டாயமாகச் சோதித்துப் பெயரை வெளியிடுக' என்று ஒரு சாரார் கூறுவர். அது 1901இன் குரல். அதற்கு மறுமொழி நம் நாட்டிலேயே உண்டு. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டது. இவ்வெற்றி எவ்வாறு கிட்டிற்று? குடும்பநல மருத்துவமாது வீடு தேடிச் சென்றாள். கர்ப்பவதிகள் அனைவருக்கும் ஒரே விதமாகச் சோதனை வழங்கப்பட்டது. எவளும் தனித்துச் சுட்டப்படவில்லை. இழிவு நீங்கிய இடத்தில் சிகிச்சை வென்றது.

ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2016இல் குளியாப்பிட்டியில், தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தியைப் பற்றிக்கொண்டு, ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்க்கக் கூடாதென்று பெற்றோர் திரண்டனர். சிறுவனுக்குத் தொற்றில்லை என்ற மருத்துவச் சான்றும் எடுபடவில்லை. தாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். இறுதியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. அவனுக்குத் தொற்று இருந்திருந்தாலும் அவ்வுரிமை அணுவளவும் குறைந்திராது. அறியாமையை அகற்றப் பிறந்த பாடசாலையின் வாசலிலேயே அறியாமை காவல் நின்றது என்பதே அந்நிகழ்ச்சியின் வெட்கம்.

நம் மக்கள் இரக்கமற்றவர்களா? இல்லை. 1978இன் சூறாவளியிலும் 2004இன் ஆழிப்பேரலையிலும் கோயிலும் பள்ளிவாசலும் பாடசாலையும் கதவைத் திறந்தன. தமிழரும் முஸ்லிம்களும் சோற்றைப் பகிர்ந்துண்டனர். 'எவ்வாறு இத்துன்பம் உனக்கு வந்தது?' என்று அன்று எவரும் எவரையும் விசாரிக்கவில்லை. அந்த விசாரியாமையே இன்றைய தேவை. மாதர் சங்கமும் மீனவர் சங்கமும் வாசிகசாலையும் நோயுற்றவனின் பேருந்துக் கட்டணத்துக்கு வழிசெய்யட்டும். நோயின் பெயரைக் கேளாதிருக்கட்டும். மறைவைக் காப்பதும் ஆதரவே.

இலவச மருந்தோடு தன் கடமை முடிந்ததென்று அரசும் இருந்துவிட முடியாது. மருந்து கிராமத்துக்கு அருகே வரவேண்டும். உடல்நலக் கல்வி கூச்சமின்றி வகுப்பறைக்குள் வரவேண்டும். அப்பாடம் வரும் நாளில் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவும் ஆசிரியர், தம்மை அறியாமலே ஒரு மாணவனைத் தீவுக்கு அனுப்புகிறார். தோழர்களே, அந்தப் பக்கத்தைப் படிப்பியுங்கள்!