பீ அள்ள வா, புருசனோட வராதே!

என் தங்கச்சி இங்கிலாந்தில் இருக்கிறாள். இதைச் சொன்னதும் தோழர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "ஒனக்கென்னக்கா, பவுண்டுல பணம் வருது" என்பார்கள். வருவது உண்மைதான். அதில் பாதிக்குமேல், ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய பதினாலு லட்சத்துக்கு வட்டியாகப் போகிறது என்பதும் உண்மை. அவள் அங்கே என்ன வேலை செய்கிறாள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லம். எழுந்து நடக்க மாட்டாத வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகளைக் குளிப்பாட்டுவது, பீ துடைப்பது, சோறு ஊட்டுவது, புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைப்பது, ராத்திரியில் யாராவது செத்துப்போனால் உடம்பைக் கழுவித் துணி மாற்றி வைப்பது. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். பி.எஸ்.சி. படித்தவள். எங்க ஆயா ரெட்டியார் வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளினாள். எங்க அம்மா நகராட்சியில் தெருக் கூட்டினாள். மூன்றாம் தலைமுறை கப்பலேறாமல் விமானத்தில் ஏறிப் போயிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கிழடுகளைப் பார்த்துக்கொள்வது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்கிறவளை என்னவாக நடத்துகிறார்கள் என்பதுதான் பேச்சு. பேச வந்தது அவள் வேலையைப் பற்றிக்கூட இல்லை, அவள் புருசனைப் பற்றி.

"நீ முன்னாடி போம்மா, ஆறே மாசத்துல மாப்பிள்ளையும் பின்னாடியே வந்துடலாம், டிபென்டன்ட் விசா, ஒண்ணுமே இல்ல" என்றான் ஏஜென்டு. அவள் போனது 2024 ஜூன் மாதம். அதற்கு மூன்று மாதம் முன்பே, 2024 மார்ச் 11-ஆம் தேதியிலிருந்து, பராமரிப்புத் தொழிலாளி விசாவில் வருகிறவர்கள் புருசனையோ பொண்டாட்டியையோ பிள்ளைகளையோ அழைத்துவர முடியாது என்று பிரிட்டிஷ் அரசு விதியை மாற்றிவிட்டது. ஏஜென்டுக்கு இது தெரியாதா? தெரியும். பணம் வாங்கும்வரை சொல்லவில்லை. போய் இறங்கி மூணாவது வாரம், கூட வேலை செய்கிற மலையாளப் பெண் சொல்லித்தான் என் தங்கச்சிக்கே தெரிந்தது.

பிரிட்டிஷ் அரசு அதற்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். 2023 செப்டம்பரோடு முடிந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,00,000 பராமரிப்புத் தொழிலாளிகளோடு 1,20,000 குடும்பத்தினர் வந்துவிட்டார்களாம். அதாவது கை மட்டும் வரும் என்று எதிர்பார்த்தார்கள், மனுசி வந்துவிட்டாள். மனுசி என்றால் அவளுக்குப் புருசன் இருப்பான், பால் குடிக்கிற பிள்ளை இருக்கும். அதுதான் அவர்களுக்குக் கணக்கில் உதைக்கிறது. அதே நேரத்தில் டாக்டர் குடும்பத்தோடு வரலாம். சாப்ட்வேர் எஞ்சினியர் வரலாம், அவன் பொண்டாட்டியும் வந்து வேலைக்கும் போகலாம். பீ துடைக்கிறவள் மட்டும் தனியாக வரணும். 2025 ஜூலை 22-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே போனவர்களில் என் தங்கச்சியைப் போன்றவர்கள் புருசனை இங்கே விட்டுவிட்டு அங்கே கிடக்கிறார்கள்.

இதைச் சாதி என்று சொன்னால் நம் தோழர்களே சிலர் முகம் சுளிக்கிறார்கள். "எல்லாத்தையும் சாதின்னு சொல்லாதீங்கக்கா, அது அந்த நாட்டுக் குடிவரவுக் கொள்கை, வர்க்கப் பிரச்சினை." சரி தோழர். வேலையை வைத்து மனுசனைத் தரம் பிரித்து, அந்தத் தரத்தை வைத்து யார் யாரோடு சேர்ந்து வாழலாம் என்று தீர்மானிக்கிற ஏற்பாட்டுக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? 1916 மே 9 அன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் சாதியைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தீட்டு, தொழில், சடங்கு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அகமணத்தைத்தான் சாதியின் உயிர்நாடி என்று காட்டினார். திருமணத்தின் வாசலில் காவல் போட்டால்தான் சாதி நிற்கும். (அவர் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது ரமாபாய் பம்பாயில் இருந்தார். படிப்புக்காகக் கடல் தாண்டியவரின் பொண்டாட்டி கதையை நாம் இன்னும் சரியாக எழுதவில்லை.) நாட்டின் எல்லையும் அந்த வாசலில்தான் காவல் போடுகிறது என்று நான் சொல்கிறேன். இரண்டு காவல்காரனும் ஒரே ஆள் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் பிடிக்கிறார்கள்.

இது புதுசும் இல்லை. தில்லையாடி வள்ளியம்மையைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் காந்தியின் சீடப்பெண்ணாகத்தான் படித்தோம். அந்தப் பதினாறு வயசுப் பிள்ளை எதற்காகச் சிறைக்குப் போனாள்? 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். இந்தியாவிலிருந்து புருசனிடம் வந்த ஒரு பெண்ணை உள்ளே விடமுடியாது, ஏனென்றால் பலதார மணத்தை அனுமதிக்கிற மதத்தின்படி நடந்த கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை என்று. ஒரே நாளில் அங்கிருந்த இந்திய மனைவிமார் எல்லாரும் 'வைப்பாட்டி' ஆனார்கள். மூன்று பவுண்டு வரியோடு சேர்ந்து இதுவும்தான் அந்த ஆண்டுப் போராட்டத்தில் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அதில் எத்தனை பேர் கூலிக்கப்பலில் போன நம் சனங்கள், எத்தனை பேர் சேரியிலிருந்து போனவர்கள்! தேசியக் கதையாடலில் அவர்கள் 'சத்தியாகிரகிகள்'. தன் புருசனோடு வாழ்கிற உரிமைக்காகச் சிறை போன கூலிக்காரப் பெண் என்று சொன்னால் தேசத்துக்குக் கவுரவக் குறைச்சல் போலிருக்கிறது. வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் செத்துப்போனாள். அந்த வருசமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து கல்யாணத்தை ஒத்துக்கொண்டது.

அடுத்தது 1979. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். கல்யாணம் செய்துகொள்ள வந்த முப்பத்தைந்து வயது இந்திய ஆசிரியை ஒருத்தரை 'நீ கன்னிதானா' என்று உடம்பில் கைவைத்துச் சோதித்தார்கள். கல்யாணமாகாதவள் என்றால் கன்னியாகத்தான் இருக்கணுமாம். இல்லாவிட்டால் ஏற்கெனவே கல்யாணமானவள், பொய் சொல்கிறாளாம். மனுஸ்மிருதியை இங்கிலீஷில் படித்துவிட்டு உட்கார்ந்திருந்த அதிகாரிகள்! செய்தி வெளியே வந்து நாறிய பிறகுதான் நிறுத்தினார்கள். இங்கே, இந்தியாவில் இருந்த அவர்களுடைய தூதரக அலுவலகங்களிலும் அது நடந்தது; குறைந்தது 80 பெண்கள் சோதிக்கப்பட்டதை 2011-இல் ஆய்வாளர்கள் அரசு ஆவணங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள்.

1985-இல் இன்னொரு வேடிக்கை. அங்கே குடியிருக்கும் ஆண் தன் மனைவியை அழைத்துவருவது சுலபம், பெண் தன் கணவனை அழைத்துவருவது கஷ்டம், இது பாரபட்சம் என்று மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் ஜெயித்தார்கள். அரசு என்ன செய்தது? பெண்களுக்கு வழியைத் திறக்கவில்லை. ஆண்களுக்கும் கஷ்டமாக்கிச் சமத்துவம் கொண்டுவந்தது! பொதுக்கிணற்றில் சேரிக்காரனும் தண்ணி எடுக்கலாம் என்று கோர்ட்டு சொன்னால் கிணற்றையே தூர்த்துவிடுகிற ஊர்க்காரன் புத்தி, அப்படியே.

இப்போது இன்னொரு தோழர் கதை. நம் மாணவர் அமைப்பில் இருந்தவர், அங்கேயே பல வருசம் இருந்து நிரந்தரக் குடியுரிமை அனுமதி வாங்கியவர். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. அவருக்குத் தடை இல்லை, மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் விலை இருக்கிறது. ஆண்டுக்கு 29,000 பவுண்டு சம்பளம் காட்டணும். 2012-இல் இதை 18,600 என்று ஆரம்பித்தார்கள். 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கினார்கள். 38,700 வரை ஏற்றுவோம் என்று அறிவித்தார்கள், அடுத்து வந்த அரசு அதை நிறுத்தி வைத்தது. நிறுத்தியதற்கே கைதட்டச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணிநேரம், ஒரு வாரம்கூட விடாமல் 52 வாரம் உழைத்தாலும் 25,396 பவுண்டுதான் வரும். அரசே 'இது போதும்' என்று நிர்ணயித்த கூலியை வாங்குகிறவனைப் பார்த்து, அதே அரசு 'இந்தக் கூலி உனக்குப் பொண்டாட்டி வைத்துக்கொள்ளப் போதாது' என்கிறது. இங்கே மனைவி டீச்சராக வாங்குகிற சம்பளம் கணக்கில் வராது. சம்பளம் இல்லையென்றால் 88,500 பவுண்டு ஆறு மாசம் பேங்கில் கிடக்கணும். நம்ம காசுக்கு ஏறத்தாழ ஒரு கோடி! சேரியில் எவன் வீட்டில் இருக்கிறது ஒரு கோடி?

அது வாசல்படிதான். 2025 விலைப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938. மருத்துவக் கூடுதல் கட்டணம் 3,105. இரண்டே முக்கால் வருசம் கழித்து நீட்டிப்புக்கு 1,321, அதற்கு மறுபடி மருத்துவக் கட்டணம் 2,587. ஐந்து வருசம் முடிந்து நிரந்தர அனுமதிக்கு 3,029. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 12,000 பவுண்டு. நடுவில் இங்கிலீஷ் பரீட்சை மூன்று படியாக, காசநோய்ச் சோதனை வேறு. பொண்ணு வீட்டில் வரதட்சணை வாங்குகிறவனைத் திட்டுகிறோம். இது என்ன?

இதிலும் என்னை அதிகம் சுட்டது பணம் இல்லை, ஆல்பம். உறவு 'உண்மையானது, நீடிப்பது' என்று நிரூபிக்கணும். கல்யாணப் போட்டோ, ரெண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் நிற்கிற போட்டோ, போன் பேசிய பதிவு என்று கட்டுக் கட்டாகச் சேர்க்கச் சொல்கிறார்கள் விண்ணப்பம் எழுதித் தருகிறவர்கள். தோழர் கட்டியிருப்பது ஆதிக்கச் சாதிப் பெண்ணை. சுயமரியாதைத் திருமணம், ஒரு சங்க அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, ஏழு பேர். ரெண்டு போட்டோ இருக்கிறது, ஒன்றில் என் கை மட்டும் தெரிகிறது. "அப்பா அம்மா எங்க, சொந்தக்காரங்க எங்க, இவ்ளோதானா ஆல்பம்?" என்று கேட்டான் விண்ணப்பம் எழுதுகிறவன். அப்பா அம்மா அரிவாளோடு தேடிக்கொண்டிருந்தார்கள் ஐயா, போட்டோவுக்கு நிற்க நேரமில்லை!

2013-இல் தருமபுரி இளவரசன் ரயில் தண்டவாளத்தில் கிடந்தார். 2016-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் பக்கத்தில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். இந்த ஊரில் சாதி மறுத்துக் கல்யாணம் செய்கிறவர்கள் அதை மறைத்துத்தான் உயிரோடு இருக்கிறார்கள். தனித் திருமணச் சட்டத்தில் பதியலாம் என்றால் அங்கே முப்பது நாள் பெயரும் விலாசமும் அறிவிப்புப் பலகையில் தொங்கும். மறைத்தால் அங்கே நம்பமாட்டான், காட்டினால் இங்கே வெட்டுவான். எந்தக் கல்யாணத்துக்குக் கத்தை கத்தையாகச் சாட்சி இருக்கும்? அஞ்சாயிரம் பேருக்குப் பந்தி போட்டு, ஒரே சாதியில், ஜாதகம் பார்த்து, ட்ரோன் விட்டுப் படம் எடுத்த கல்யாணத்துக்கு. விசா அதிகாரிக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அவன் கேட்கிற சாட்சிக்குத் தெரிகிறது.

சாதி தெரியாத நாடு என்றும் சொல்லிவிட முடியாது. 2013-இல் சாதிப் பாகுபாட்டைத் தடைச் சட்டத்தில் சேர்க்கணும் என்று அவர்கள் நாடாளுமன்றமே சொன்னது. அங்கே இருக்கிற மேல்சாதி இந்து அமைப்புகள் கூடிக் குதித்தன. 2018-இல் சேர்க்கமாட்டோம், வழக்குத் தீர்ப்புகளே போதும் என்று அரசு கைகழுவியது. சட்டம் வேண்டாம் என்று குதித்த அதே சமூகத்தில்தான் 'யு.கே. செட்டில்டு, இன்ன சாதிப் பெண் தேவை' என்ற மணமகள் விளம்பரம் கூச்சமில்லாமல் வருகிறது. விசாவும் ஒரு சீர்வரிசை ஆகிவிட்டது அங்கே.

அப்படிப் போகிற பெண்ணின் கதி வேறு. அவள் இருப்பே புருசனின் கையில். அரசு உதவி எதையும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் விசா. அடித்தாலும் 'போலீசுக்குப் போனா ஊருக்கு அனுப்பிடுவேன்' என்று மிரட்டுகிறான், நம்புகிறாள். 1979-இல் தொடங்கிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் வருசக்கணக்காகச் சண்டை போட்டு, அடிபட்ட மனைவிக்குத் தனியாக அனுமதி கிடைக்க ஒரு வழியை வாங்கினார்கள். அதுவும் எல்லா விசாவுக்கும் ஒரே மாதிரி இல்லை. கல்யாண உரிமை கேட்கிறோம் என்று சொல்லும்போது இந்த இரண்டாவது தாலியையும் சேர்த்துத்தான் நான் பேசுகிறேன். புருசன் வழியாக மட்டுமே ஒரு பெண் ஒரு நாட்டில் இருக்கலாம் என்பது உரிமை இல்லை.

நம் இயக்கம் இதில் என்ன செய்திருக்கிறது? ஒண்ணும் இல்லை. ஏப்ரல் 14-க்கு வெளிநாட்டுத் தோழர்களிடம் நன்கொடை கேட்கிறோம். 'அங்கே போனவன் தப்பிச்சவன்' என்று நினைக்கிறோம். படிக்கப் போகிற பிள்ளைகளுக்காவது சொல்கிறோமா? 2024 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் சாதாரண எம்.ஏ., எம்.எஸ்.சி. படிப்புக்குப் போகிறவர்கள் துணையை அழைத்துப்போக முடியாது, ஆராய்ச்சிப் படிப்பு அல்லது அரசு உதவித்தொகையில் போகிற படிப்பு என்றால்தான் முடியும். கல்யாணம் செய்துவிட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற தோழர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஏஜென்டு சொல்லமாட்டான்.

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தம் போட்டன. ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீத வரியை முதலில் 75 ஆக்கி, பத்து வருசத்தில் 40 ஆக்குவது என்று உட்கார்ந்து பேசி முடித்தார்கள். முதியோர் இல்லத்தில் கிடக்கிற பெண்களின் புருசன் பிள்ளைகளைப் பற்றி அந்த மேசையில் யார் வாய் திறந்தார்கள்?

எங்கள் மாவட்டத்திலிருந்து இப்படிப் போனவர்களின் பட்டியலை நானும் இரண்டு தோழர்களும் எடுக்க ஆரம்பித்திருக்கிறோம். எந்த ஏஜென்டு, எவ்வளவு வாங்கினான், பதிவு பெற்றவனா, விதி மாறியதைச் சொன்னானா, இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று நாலைந்து கேள்விதான். அயலகத் தமிழர் நல வாரியத்திடம் கொடுக்கப் போகிறோம், வாங்கவில்லை என்றால் வாசலில் உட்காருவோம். மற்ற மாவட்டத் தோழர்களும் எடுத்து அனுப்புங்கள். பெயர் வெளியே வராது. என் தங்கச்சி பெயரைத்தான் முதலில் எழுதினேன். போனில் கேட்டபோது, "எம்பேரப் போட்டுக்கக்கா, அந்த வீட்டுக்காரங்களுக்கு மட்டும் தெரியவேணாம், ஷிப்டக் கொறச்சிருவாங்க" என்றாள்.