மலைவீட்டிற்கும் வழி உண்டு

மகவு பிறந்த வீட்டிற்குச் சென்று காண்பது நம் மரபு. அதையே 2011-ஆம் ஆண்டு அரசு ஒரு திட்டமாக வகுத்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் ஆஷா எனப்படும் பெண் நலப் பணியாளர் வீடு தேடிச் சென்று காண வேண்டும். வீட்டிலேயே பிறந்திருப்பின் முதல் நாளும் செல்லவேண்டும். எடை பார்ப்பதும், உடற்சூடு அளப்பதும், தாய்ப்பால் புகட்டக் கற்பிப்பதும், நோய்க்குறி கண்டால் மருத்துவமனைக்கு அனுப்புவதும் அவர் பணி. இத்தனை வருகைக்கும் சேர்த்து வகுக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய்! 2018-இல் 15-ஆம் மாதம்வரை மேலும் 5 வருகைகள் சேர்ந்தன; வருகைக்கு 50 ரூபாய்.

வாசக அன்பர்களே, இக்கணக்கைத் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் வைத்துப் பாருங்கள். அங்கே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கின்றன. சமவெளியில் ஒரு முற்பகலில் பல வீடுகளைக் கண்டு திரும்பலாம். மலையிலோ ஒரு வீட்டிற்கே அப்பொழுது போய்விடும். பச்சிளங் குழந்தைக்கு ஆபத்து மிகுந்தது முதல் வாரமே. வழி நீண்டதென்று நாளைத் தள்ளினால் உயிர் காத்திராது.

ஆகவே, வீடுகளை மட்டுமன்றி, அவ்வீடுகளுக்கு நடக்கும் தொலைவையும் எண்ணியே அரசு பணம் ஒதுக்க வேண்டும். மூன்றாம் நாள் வருகை மூன்றாம் நாளிலேயே நிகழ அதுவே வழி.