பேர்லின் நகரின் குடிநீர்: விற்றவர் யார்? விலை கொடுத்தவர் யார்?

நாம் வாழும் ஜேர்மனியில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் நல்ல நீர் வருகிறது. பாவித்த நீரும் மலசலகூடக் கழிவும் கண்ணுக்கெட்டாத வழியிற் சென்று மறைகின்றன. இவை தாமாகவே நிகழ்வன என்று எண்ணும் மனப்பான்மை எம்மவரிடையே மட்டுமன்றி இந்நாட்டவரிடையேயும் உண்டு. ஆண்டுக்கொரு முறை வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் துணைச்செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் நாம் செலுத்தும் தொகை தெரியவருகிறது. அத்தொகையைத் தீர்மானிப்பவர் யார், அது யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியைப் பேர்லின் மக்கள் ஒரு காலத்தில் உரத்த குரலிற் கேட்டனர். அதன் வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டியதொன்று.

நீர் வழங்கலை அரசாங்கம் நடத்தினால் மாத்திரம் எல்லாம் நன்றாக நடந்துவிடும் என்று நாம் கூறவரவில்லை. 1892 ஆம் ஆண்டு ஹம்பேர்க் நகரைக் கொலரா நோய் தாக்கியபோது சில வாரங்களுக்குள் 8,600 பேர் வரையில் மடிந்தனர். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே அந்நகரம் குழாய்களில் விட்டு வந்தது. வடிகட்டும் நிலையம் அமைப்பது பற்றிய பேச்சு, செலவுக் கணக்கிலே ஆண்டுக்கணக்காக இழுபட்டது. அதே ஆற்று நீரை மணலில் வடித்து வழங்கிய அயல் நகரமான அல்ரோனா பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. அங்கே சென்று ஆராய்ந்த றொபேர்ட் கொக் என்ற மருத்துவ அறிஞர் நகர நிர்வாகத்தின் அலட்சியத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 1893 இல் ஹம்பேர்க்கின் வடிகட்டும் நிலையம் திறக்கப்பட்டது. செலவுக்கு அஞ்சிய நிர்வாகத்துக்காக உயிர்களை விலையாகக் கொடுத்தவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளரே.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின்னர் பேர்லினில் எழுந்த பிரச்சினை வேறு வகையானது. கிழக்கும் மேற்கும் இணைந்ததன் பின் கடனில் மூழ்கியிருந்த பேர்லின் மாநில அரசு, கையிலிருந்த பொதுச் சொத்துக்களை விற்றுப் பணம் தேட முற்பட்டது. 1999 ஆம் ஆண்டு நகரின் நீர் நிறுவனத்தில் 49.9 விழுக்காட்டுப் பங்கு ஆர்.டபிள்யூ.ஈ. என்ற ஜேர்மன் நிறுவனமும் விவெண்டி என்ற பிரெஞ்சு நிறுவனமும் அலியான்ஸ் காப்புறுதி நிறுவனமும் சேர்ந்த கூட்டுக்கு விற்கப்பட்டது. விலை 330 கோடி டொச் மார்க். பெரும்பான்மைப் பங்கு அரசிடமே இருப்பதால் அச்சத்துக்கு இடமில்லை என்று மக்களுக்குக் கூறப்பட்டது. ஆனால் உடன்படிக்கையின் வாசகங்கள் மக்களுக்குக் காட்டப்படவில்லை.

மறைக்கப்பட்ட அந்த வாசகங்களிலேதான் விடயம் அடங்கியிருந்தது. நீண்டகால அரச கடன்பத்திரங்களுக்குரிய வட்டியோடு மேலும் 2 விழுக்காடு சேர்த்து முதலீட்டுக்கு வருவாய் கணிக்கப்பட ஏற்பாடாகியிருந்தது. இந்த 2 விழுக்காட்டு மேலதிகம் செல்லாது என்று மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் அதே ஆண்டு ஒக்ரோபரில் தீர்ப்பளித்தது. எனினும் நீதிமன்றத் தீர்ப்பினால் நட்டம் ஏற்படின் அதனை அரசே ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உடன்படிக்கையில் இருந்தது. ஆகவே அரசு தனக்கு வரவேண்டிய இலாபத்தை விட்டுக்கொடுத்துத் தனியாரின் வருவாயைக் காத்தது. வியாபாரத்தில் இலாபமும் நட்டமும் கலந்தே வரும் என்பர். இங்கே இலாபம் ஒரு பக்கமும் நட்டம் மறு பக்கமுமாக முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருந்தது.

சில ஆண்டுகள் உயர்த்தப்படாதிருந்த நீர்க்கட்டணம் 2004 ஆம் ஆண்டு ஏறக்குறைய 15 விழுக்காட்டினால் ஒரேயடியாக உயர்ந்தது. அதன் பின்னரும் உயர்ந்தது. 'பேர்லின் நீர் மேசை' என்ற மக்கள் அமைப்பு, கட்டணத்தைக் குறை என்று மட்டும் கேட்டு நில்லாது, உடன்படிக்கையை வெளியிடு என்று கேட்டது. 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அக்கோரிக்கையில் ஒப்பமிட்டனர். நெருக்குதல் தாங்காது 2010 இன் இறுதியில் அரசு உடன்படிக்கையை வெளியிட்டது. யாவும் வெளிவந்துவிட்டன, வாக்கெடுப்புத் தேவையில்லை என்றும் வாதிட்டது. மக்கள் அதை ஏற்கவில்லை. 2011 பெப்ரவரி 13 ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 6 இலட்சத்து 66 ஆயிரம் பேர் ஆம் என்றனர். அளிக்கப்பட்ட வாக்குகளில் இது 98 விழுக்காட்டுக்கும் அதிகமாகும். பேர்லின் வரலாற்றில் வெற்றிபெற்ற முதலாவது மக்கள் வாக்கெடுப்பு இதுவே.

அதன் பின் காற்றுத் திசைமாறியது. 2012 இல் கூட்டாட்சிப் போட்டி ஒழுங்குமுறை அலுவலகம் குடிநீர்க் கட்டணத்தைச் சராசரி 17 விழுக்காட்டினால் குறைக்குமாறு கட்டளையிட்டது. அதே ஆண்டு ஆர்.டபிள்யூ.ஈ. வைத்திருந்த பங்கை 61 கோடி 80 இலட்சம் யூரோவுக்கும், அடுத்த ஆண்டு விவெண்டியின் வாரிசான வெயோலியாவின் பங்கை 59 கோடி யூரோவுக்கும் அரசு மீள வாங்கியது. இப்பணம் கடனாகப் பெறப்பட்டு, நீர் நிறுவனத்தின் வருவாயிலிருந்தே நீண்டகாலத்தில் அடைக்கப்படுகிறது. அதாவது விற்றபோது கட்டணம் உயர்ந்தவாறு சுமந்த அதே பாவனையாளர்களே, மீட்டபோதும் விலை கொடுக்கின்றனர்.

ஒரு நகரின் நீர்ச் சேவையை எவ்வாறு மதிப்பிடுவது? நீர் தூய்மையாக உள்ளதா, குழாய்கள் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகின்றனவா, கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டே ஆற்றில் விடப்படுகிறதா என்பன முதற் கேள்விகள். தனியார் பங்கு வகித்த காலத்திலும் பேர்லினின் நீர் நல்ல நீராகவே இருந்தது என்பதை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நீர் விற்பனையில் போட்டி இல்லை. ஒருவரின் குழாய்நீர் பிடிக்காவிடில் இன்னொருவரிடம் வாங்க முடியாது. கடைக்காரரை மாற்ற வழியில்லாத இடத்தில், கணக்கைப் பார்க்கும் உரிமையொன்றே மக்களின் பாதுகாப்பு. ஹம்பேர்க்கில் அரசு நடத்தியும் கெட்டது. பேர்லினில் அரசு பெரும்பான்மைப் பங்கை வைத்திருந்தும் கெட்டது. இரண்டு இடத்திலும் தீர்மானித்தவர்கள் மக்களுக்குக் கணக்குக் காட்டவில்லை.

இதில் எமக்கும் ஒரு பங்குண்டு. கிழக்கு பேர்லின் ஊடாக இந்நாட்டுக்குள் வந்து சேர்ந்த எம்மவர் பலர் அந்நகரிலேயே தங்கினர். உயர்ந்த கட்டணத்தை அவர்களும் செலுத்தினர். ஆனால் ஜேர்மன் குடியுரிமை பெறாதவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கில்லை. கட்டணம் கேட்கும்போது கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. கருத்துக் கேட்கும்போது மாத்திரம் விசாரிக்கின்றனர். தகுதியிருந்தும் குடியுரிமைக்கு விண்ணப்பியாது காலங்கடத்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். குடியுரிமை பெற்றோர் நகரசபைத் தேர்தல் நாளில் வீட்டிலிருப்பதும் பொருத்தமன்று.

எமது ஊர்களையும் இவ்விடத்தில் நினைக்காதிருக்க முடியவில்லை. ஆறில்லாத யாழ்ப்பாணம் சுண்ணக்கற் பாறையினுள் தேங்கும் மழைநீரை நம்பியே வாழ்கிறது. மலக்குழியும் உரமும் அந்நீரை மெல்ல மெல்லக் கெடுத்து வருகின்றன. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தமைக்காகப் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு இலங்கை உயர் நீதிமன்றம் 2019 இல் கட்டளையிட்டது. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததையடுத்து, தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. கடல்நீரை நன்னீராக்குவதற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். அச்செலவை யார் தாங்குவது, கட்டணம் எவ்வாறு கணிக்கப்படும், ஏழை வீட்டுக்கும் இணைப்புக் கிடைக்குமா என்பவற்றை அங்குள்ள மக்கள் தொடக்கத்திலேயே கேட்டறிய வேண்டும்.

கிணற்றடியில் வாளியை இறக்கிய காலத்தில் நீர் கலங்கினால் எம் கண்ணுக்கு உடனே தெரிந்தது. குழாய்நீர் கலங்குவது பெரும்பாலும் ஏட்டிலேதான் தொடங்குகிறது. அந்த ஏட்டைத் திறந்து காட்டும்படி கேட்பதற்குப் பேர்லின் மக்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. எம்மவர் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.