'ஸே' என்ற ஒரு சொல்லும் எங்கள் சிரிப்பும்



போன மாதம் இங்கிலீஷ் வகுப்பில் எல்லாரும் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னோம். என் பக்கத்தில் உட்காரும் தோழி எழுந்து, "ஐ யாம் அஃப்ரெய்ட் ஃப்ரம் டாக்ஸ்" என்றாள். "ஏன்டீ, நாயிலிருந்து பயமா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும்தான் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் இங்கிலீஷ் வகுப்பில் வாயே திறப்பதில்லை. பிரேயரில் செய்தி வாசிக்கும் முறை வந்தபோதும், "நீயே படிச்சிடு" என்று தாளை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அவள் வீட்டில் பேசுவது உருது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருது பேசும் குடும்பங்கள் நிறைய என்பது நமக்குத் தெரியும். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, "ஏன் ஃப்ரம் போட்டே?" என்று கேட்டேன். "எங்க வீட்டுல 'குத்தே ஸே டர்' என்போம். ஸேன்னா ஃப்ரம்தானே?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாம் தமிழில் 'கத்தியால்', 'சென்னையிலிருந்து', 'என்னைவிட', 'அவரிடம் கேள்' என்று இடத்துக்கு ஏற்ப உருபை மாற்றுகிறோம். உருதுவில் இந்த நான்குக்கும் ஒரே 'ஸே'தான். இங்கிலீஷிலோ முதலாவதுக்கு வித், இரண்டாவதுக்கு ஃப்ரம், மூன்றாவதுக்கு தேன். நான்காவதுக்கு ஒன்றுமே வேண்டாம், 'ஆஸ்க் ஹிம்' போதும். பாவம், அவள் எதை என்று எடுப்பாள்?

காலத்துக்கும் அதே கதைதான். 'தோ கண்டே ஸே' என்றால் இரண்டு மணி நேரமாக. 'பீர் ஸே' என்றால் திங்கட்கிழமையிலிருந்து. இரண்டிலும் ஸே. அதனால்தான் அவள் 'சின்ஸ் டூ அவர்ஸ்' என்று எழுதுகிறாள். எவ்வளவு நேரம் என்றால் ஃபார், எப்போது தொடங்கியது என்றால் சின்ஸ். நமக்கு 'ஆக', 'இலிருந்து' என்று தனித்தனியாக இருப்பதால் இது சுலபம். இதில் நம் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை!

நம் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் 'தி சார்ட் இஸ் இன் தி வால்' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, "சுவத்துல ஓட்டை போட்டு உள்ளே வெச்சாங்களா?" என்று மெல்லக் கேட்டாள். நமக்கு 'வீட்டில்', 'சுவரில்' எல்லாமே 'இல்'. அவளுக்கோ வீட்டுக்குள் என்றால் 'மே', சுவர்மேல் என்றால் 'பர்'. அதனால் இன், ஆன் வித்தியாசம் அவளுக்குச் சட்டென்று தெரிகிறது. ஆனால் அவள் என்னைப் பார்த்து வகுப்பைக் கூட்டிச் சிரிக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். பிரெபொசிஷன் தப்பு முட்டாள்தனத்தால் வருவதில்லை. பெரும்பாலும் வீட்டு மொழியிலிருந்து வருகிறது. "இங்கிலீஷ் வகுப்பில் தாய்மொழி எதற்கு? இங்கிலீஷிலேயே யோசி" என்று சிலர் சொல்லலாம். நாம் கூப்பிடாமலே அது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறதே! எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லதுதானே?

இப்போது நாங்கள் இருவரும் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு தமிழ், உருது, இங்கிலீஷ் என எழுதுகிறோம். தனிச் சொல்லாக எழுதாமல் 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' என்று முழுசாக எழுதுகிறோம். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைப்பதில்லை. 'இன் தி மார்னிங்' ஆனால் 'அட் நைட்' ஏன்? அதை மனப்பாடம்தான் செய்யணும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: சிவப்பு மையால் அடிக்கும்போது, "இதை உங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தோழிகளே, சிரிக்கும் முன்னால் நீங்களும் அதையே கேளுங்கள்.

அடுத்த முறை பிரேயரில் செய்தியை அவளே வாசிக்கணும். அதுதான் என் ஆசை.

இந்தத் தாள் ஒட்டியிருப்பது 'ஆன் தி வால்'. 'இன்' இல்லை!



– 9-ஆம் வகுப்பு மாணவி