எய்ட்ஸ்: பதுங்கியிருக்கும் வைரஸ்களும் நமது மௌனமும்

2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி வைப்பதாக அமெரிக்கா அறிவித்தது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள் தடுமாறின. மாத்திரை கொஞ்ச நாள் நின்றால் என்ன ஆகிவிடும் என்று நாம் நினைக்கலாம். அங்கேதான் ஆபத்தே இருக்கிறது.

எச்.ஐ.வி. அழிப்பது நம் உடலின் காவலர்களான சிடி4 அணுக்களை. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பொதுவாக 500க்கு மேல் இருக்க வேண்டிய இவை 200க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ் நிலை. அதன்பின் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் வேறு கிருமிகளே. அவற்றில் சில வைரஸ்கள் ஏற்கனவே நமக்குள் உறங்கிக்கொண்டிருப்பவை.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் தங்கிவிடுகிறது. எதிர்ப்பு சக்தி குறைந்ததும் அக்கியாக வெளிவருகிறது. இளம் வயதினருக்கு அக்கி திரும்பத் திரும்ப வந்தால், காவி பூசி அக்கி எழுதுவதோடு நின்றுவிடக் கூடாது, எச்.ஐ.வி. பரிசோதனையும் தேவை.

சைட்டோமெகலோ வைரஸ் இன்னும் கொடியது. சிடி4 50க்குக் கீழே போனவர்களின் விழித்திரையை அது அரிக்கும். வலி இருக்காது. கண்முன் புள்ளிகள் மிதக்கும், பார்வை மங்கும். கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும். ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கும். அதை நேரடியாக ஒழிக்க மருந்தே இல்லை. கூட்டு மருந்தால் எதிர்ப்பு சக்தியை மீட்பதுதான் ஒரே வழி.

1996க்குப் பின் கூட்டு மருந்து புழக்கத்துக்கு வந்ததும் இந்தத் தொற்றுகள் பெருமளவு குறைந்தன. இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசு இதை இலவசமாகத் தருகிறது. 2017 முதல் சிடி4 எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல், தொற்று உறுதியான அனைவருக்கும் தரப்படுகிறது.

அப்படியானால் நமக்குத் தடை எது? வெட்கமும் பயமும்தான். வளைகுடா செல்ல மெடிக்கல் எடுத்து 'அன்ஃபிட்' ஆன இளைஞர், காரணத்தை வீட்டில்கூடச் சொல்வதில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பார்வை மங்கியபின் மருத்துவமனைக்கு வருகிறார். அதற்குள் மனைவிக்கும் தொற்றியிருக்கலாம். எந்தத் தவறும் செய்யாத அந்தப் பெண்ணைத்தான் ஊர் முதலில் ஒதுக்குகிறது.

கைகுலுக்குவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், நோயாளியைப் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. அவரது ரகசியத்தையும் காக்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். 1097 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

ஆப்பிரிக்காவில் மருந்து நின்றது வல்லரசின் முடிவால். இங்கே மருந்து இருந்தும், நம் ஏச்சுக்குப் பயந்து ஒருவர் அதை வாங்கப் போகவில்லை என்றால் அந்தப் பொறுப்பு யாருடையது? நம் குடும்பங்களும் ஜமாஅத்துகளும் யோசிக்க வேண்டும்.