டிஸ்க் வாங்குவதற்கு முன் ஒரு சாக்பீஸ்

பழைய கோடை எப்போது திருத்தலாம், எப்போது தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதலாம் என்று இந்த வாரம் பாட்காஸ்டில் பேசினோம். நேரம் போதாமல் விட்ட உதாரணம் ஒன்று என் கராஜில் நிற்கிறது. மெட்ராஸில் செய்த 350 புல்லட், முன்னாடி டிரம் பிரேக். 1977-லேயே என்ஃபீல்ட் இந்தியா பிரிட்டனுக்கு புல்லட்டை ஏற்றுமதி செய்ய ஆரம்பிச்சாச்சு. அதனால அப்பாவோ மாமாவோ ஆசையா வாங்கி வச்ச வண்டி உங்களில் சிலர் கைக்கு வந்திருக்கலாம். ஓட்டிப் பார்த்ததும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "பிரேக்கே பிடிக்கலை, டிஸ்க் மாத்திடலாம்."

உடனே மாத்தாதீங்க என்பது என் கட்சி. பிடிக்காத டிரம் பிரேக் பெரும்பாலும் டிசைன் கோளாறு இல்லை, செட்டிங் கோளாறு.

உள்ளே என்ன நடக்குதுன்னு பாருங்க. அரைவட்டமா ரெண்டு ஷூ. லீவரை இழுத்தால் கேபிள் ஒரு கையைத் திருப்பும், அந்தக் கை ஒரு கேமைத் திருப்பும் (விளையாடுற கேம் இல்லை, ஷூவைத் தள்ளுற ஒரு சின்ன இரும்புத் துண்டு), ஷூ விரிந்து டிரம்மில் உரசும். சுற்றுகிற டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். அது லீடிங் ஷூ. இன்னொன்றைத் தள்ளிவிடும், அது டிரெய்லிங். நம்ம பாஷையில் ஒன்று பாசிடிவ் ஃபீட்பேக், மற்றது நெகடிவ். ரெண்டு கேம் வைத்து ரெண்டு ஷூவையும் லீடிங் ஆக்கினால் அதே விரல் பலத்துக்குப் பிடி நல்லா கூடும். டிஸ்கில் இந்த இலவச உதவி கிடையாது. (ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருண்டால் ரெண்டும் டிரெய்லிங் ஆகிவிடும், பிடி குறையும். அது பழுது இல்லை.)

ஆனால் ஃபீட்பேக்கை நம்பி நிற்கிற சிஸ்டத்தில் சின்ன விலகலும் பெரிசாத் தெரியும். இரண்டு கேமையும் இணைக்கிற கம்பியின் நீளம் சரியில்லை என்றால் ஒரு ஷூ தொடும், மற்றது சும்மா நிற்கும். பாதி பிரேக் போச்சு. கம்பியின் ஒரு முனையைக் கழற்றி, ஒவ்வொரு ஷூவும் டிரம்மைத் தொடும் இடம் வரை தனித்தனியாகத் திருப்பி, அந்த அளவுக்குக் கம்பியைச் சரிசெய்தால் போதும். செலவு பூஜ்யம்.

அடுத்தது நிறையப் பேர் பார்க்காத இடம்: ஷூ டிரம்மை எங்கே தொடுகிறது? தேய்ந்த டிரம்மைக் கடைந்தால் அதன் விட்டம் கூடும். பழைய வளைவில் வந்த புது ஷூ அதில் நடுவில் மட்டும் ஒட்டும். லைனிங் முழுக்க சாக்பீஸ் தேய்த்து, மாட்டி, சக்கரத்தைச் சுற்றி லேசாகப் பிரேக் பிடித்துக் கழற்றிப் பாருங்க. சாக் அழிந்த இடம்தான் வேலை செய்கிற இடம். கால்வாசிதான் அழிந்திருக்கு என்றால் ஷூக்களை அந்தப் பிளேட்டிலேயே மாட்டி, லேத்தில் டிரம் அளவுக்குக் கடைந்து தரச் சொல்லணும். டிரம்மையும் கடையணும்னா, ஸ்போக் எல்லாம் இறுக்கிய முழுச் சக்கரமாகக் கொடுங்க. ஸ்போக்கின் இழுப்பு ஹப்பின் வட்டத்தையே கொஞ்சம் கோணலாக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுசாகத் தடையானது 1999-ல். வயசு தெரியாத லைனிங்கை ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்க. அந்தத் தூசியை காற்றடித்து ஊதாதீங்க, தேய்க்காதீங்க. ஈரத்துணியால் துடைத்துவிட்டு புது ஷூவில் வேலையைத் தொடங்குங்க.

மற்றவை சின்ன வேலைகள். ஆக்சில் நட்டை இறுக்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறுக்கினால் ஷூக்கள் டிரம்மின் நடுவில் வந்து உட்காரும். பிரேக் முழுசாகப் பிடிக்கும் நேரத்தில் கேபிளுக்கும் பிரேக் கைக்கும் நடுவே 90 டிகிரி இருக்கணும். 120 ஆகிவிட்டால் 13 சதவீதப் பலம் அங்கேயே போய்விடும், ஸைன் டேபிள் ஞாபகம் இருக்கிறவங்களுக்குப் புரியும். நீளமான கை போடுங்க என்று யாராவது சொல்வாங்க. பலம் கூடும், லீவர் இழுக்க வேண்டிய தூரமும் கூடும். கேபிள் உறை அமுங்குகிற பழசு என்றால் லீவர் கிரிப்பில் போய் முட்டும். முதலில் நல்ல கேபிள், அப்புறம்தான் கை.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கு. 40 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு இங்கே எம்.ஓ.டி. கட்டாயமில்லை. டெஸ்ட் இல்லாமல் புரொடக்‌ஷனில் ஓடுகிற கோடு மாதிரி. ஈரமான ரவுண்டபவுட்டில் முன்னாடி போற வேன் சட்டுன்னு நின்றால்தான் உங்க பிரேக்கை யாராவது சோதிப்பாங்க. டிஸ்க் போட்டால் மட்டும் இது தீராது. ஹப், ஃபோர்க் கால், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசு, அதையும் யாரும் சோதிக்கலை. இன்ஷூரன்ஸுக்கும் சொல்லியாகணும்.

டிரம்முக்கு எல்லை இருக்கு, மறுக்கலை. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடியும் குறையும். நீண்ட மலை இறக்கத்தில், பின் சீட்டில் ஆளும் பெட்டியுமாக ஓட்டுறவங்களுக்கு எந்த செட்டிங்கும் போதாது. அவங்க தாராளமா டிஸ்க் போட்டுக்கட்டும். பழைய சக்கரத்தை மட்டும் விற்காமல் லாஃப்டில் வைங்க.