வேலி மட்டும் காவலாகுமா?

காடு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் மனக்கண்ணில் காண்பது வானத்தை மறைக்கும் மரக்கூட்டத்தைத்தான். சூரிய கிரணம் தரையைத் தொடக்கூடாது. அப்போதுதான் அது காடு! மரங்கள் விலகி விலகி நிற்க, இடையெல்லாம் ஆளுயரப் புல் அலைவீசும் ஓர் இடத்தைக் காட்டினால், "ஐயோ, யாரோ காட்டை அழித்துவிட்டார்களே!" என்று இரங்குவோம். இந்த இரக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆயினும் நமது தேசத்தின் பழமையான செல்வங்களுள் ஒன்றுக்கு அது பெருந்தீங்கு விளைவித்திருக்கிறது.

உதாரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது சத்தியமங்கலம் காடுகளை அடுத்து, கர்நாடகத்தின் சாமராஜநகர் ஜில்லாவில், பிளிகிரி ரங்கன் மலை இருக்கிறது. பிளிகிரி என்றால் வெண்மலை. அரங்கநாதப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் அம்மலையில் சுமார் 600 மீட்டர் முதல் 1,800 மீட்டர் உயரம் வரை பலவகைக் காடுகள் படிப்படியாக அமைந்துள்ளன. உச்சிச் சரிவுகளில் சோலையும் புல்வெளியும். ஓடைக்கரைகளில் பசுமை மாறாத அடர்வனம். இடைப்பட்ட பெரும்பரப்பில் வேங்கை, மருது, நெல்லி முதலிய மரங்களும் அவற்றின் அடியில் உயர்ந்த புல்லும் கலந்த காடு. இக்கட்டுரை அந்தப் புல்லடர்ந்த காட்டைப் பற்றியது.

அங்கே புல் வளர்வது மரம் அழிந்ததன் அடையாளம் அன்று. மழைக்குப்பின் நீண்ட கோடையைக் கொண்ட பிரதேசங்களில் புல்லும் மரமும் தொன்றுதொட்டு ஒருங்கே வாழ்ந்து வந்திருக்கின்றன. மாசி மாதத்தில் புல் காய்ந்துவிடும். தரையோடு தீ ஓடினாலும் தடித்த பட்டையுள்ள மரங்கள் தாங்கி நிற்கும். புல்லின் உயிர் மண்ணுக்குள் இருப்பதால், முதல் மழையில் இளந்துளிர் கிளம்பும். அத்துளிரை நம்பிப் புள்ளிமானும் கடமானும் காட்டெருமையும் யானையும் வாழ்கின்றன; அவற்றில் மானையும் காட்டெருமையையும் நம்பிப் புலி வாழ்கிறது. புல்லுக்கு வேண்டியது வெயில். நிழல் மூடிவிட்டால் புல் செத்தது. புல் செத்தால் அதைச் சார்ந்த அனைத்தும் தடுமாறும்.

இவ்வுண்மையை அம்மலையின் பழங்குடியினரான சோலிகர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கோடையின் கடுமை தொடங்குமுன்னரே, சருகும் புல்லும் அரைகுறையாகக் காய்ந்திருக்கும் சமயத்தில், சிறு சிறு பகுதிகளாகத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். அதற்குத் 'தரகு பெங்கி' என்று பெயர். அதாவது சருகுத் தீ. தணிந்த தீயாதலால் அது தரையைத் துடைத்துக்கொண்டு போகுமேயன்றி மரத்தின் தலையை எட்டாது. நடக்கப் பாதை தெரியும், புதுப்புல் தழைக்கும், வேண்டாத செடிகளின் கன்றுகள் கருகிவிடும்.

ஆனால் அந்நிய ஆட்சியாளர் கண்ணுக்குத் தீ என்பது சத்துருவாகவே தோன்றிற்று. 1864-இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய நிபுணரைத் தலைவராகக் கொண்டு இந்திய வன இலாகா நிறுவப்பட்டது. கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் மரம் வேண்டியிருந்தது. மரக்கன்றை எரிக்கும் தீயும், தீயை வைக்கும் குடிகளும் குற்றவாளிகளாயினர். வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவ்விலாகாவின் உத்தியோகஸ்தர்கள் தங்கள் கொள்கையின் கோளாறைக் கண்டுகொண்டனர். பர்மாவின் ஈரத் தேக்குக் காடுகளிலும், வங்காளம், அஸ்ஸாம் ஆகியவற்றின் சால மரக்காடுகளிலும், தீயை அடியோடு தடுத்த இடங்களில் தேக்கும் சாலமும் புதிதாக முளைப்பது குன்றியது. அங்கெல்லாம் தடையைத் தளர்த்தினர். இருந்தும் பொதுவான சட்டமும் மனப்பான்மையும் மாறவில்லை. 1947-இல் சுதந்திரம் பெற்ற நாம் அந்நியனை அனுப்பிவிட்டோம். அவன் எழுதிவைத்த வனக் கணக்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்!

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-இல் பிளிகிரி மலை சரணாலயமாயிற்று. வேட்டை நின்றது, அது நன்மையே. கூடவே சோலிகர் காட்டினுள் மாறி மாறிப் பயிர் செய்வதும் நின்றது. அவர்கள் நிலையான குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டனர். சருகுத் தீயும் அணைந்தது. காட்டைச் சுற்றிச் சட்டம் என்னும் வேலி எழுந்தது. உள்ளே நடந்தது என்ன?

உண்ணிச்செடி புகுந்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் இச்செடியை நேயர்கள் சாலையோரங்களில் பார்த்திருப்பார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் தூவின. இலையில் விஷமிருப்பதால் கால்நடைகள் தீண்டுவதில்லை. வெட்டினாலோ அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். பிளிகிரி மலையில் 1997-இலும் 2008-இலும் ஆராய்ச்சியாளர் ஒரே இடங்களைச் சோதித்துப் பார்த்தனர். அந்த 11 ஆண்டுகளுக்குள் உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தன. புல் இருந்த இடத்தில் மனிதன் நுழையவியலாத புதர். நாம் விரும்பி உண்ணும் நெல்லிக்கும் துன்பம் நேர்ந்தது. தீயின்மையால் புல்லுருவி பெருகி நெல்லி மரங்களை உறிஞ்சுகிறது என்பது சோலிகரின் முறையீடு.

தீயைத் தடுத்ததனால் தீ ஒழிந்ததா என்றால், அதுவுமில்லை. காய்ந்த உண்ணிப்புதர் தரைத்தீயை மரக்கிளைக்கு ஏற்றிவிடும் ஏணியாகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததை நாடறியும். சிறு தீயை மறுத்த காட்டைப் பெருந்தீ தேடி வந்து தின்கிறது.

அப்படியானால் இன்றே தீ வைத்துவிடலாமா? கூடவே கூடாது. புதர் மண்டிய காட்டில் தீக்குச்சி கிழிப்பது, வைக்கோற்போருக்குள் விளக்கேற்றுவதற்கு ஒப்பாகும். முதலில் களையெடுப்பு. உத்தரகண்டிலுள்ள கார்பெட் புலிகள் காப்பகத்தில் பேராசிரியர் சி. ஆர். பாபு முதலியோர் கையாண்ட முறை எளியது. செடியை வெட்டாமல், மண்ணுக்குச் சில அங்குலம் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுவார்கள். பறவைகள் வந்தமரும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளை மறு ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பிடுங்குவார்கள். வெறுமையான தரையில் அந்த மண்ணுக்குரிய புல்லை விதைப்பார்கள். இதைச் செய்யாவிட்டால் களையே திரும்ப வரும். புல் வேரூன்றிய பின்னரே தணிந்த தீயைப் பற்றி யோசிக்கலாம். அதையும் ஓடைக்கரைக் காட்டையும் சோலையையும் விலக்கி, ஆண்டுக்கு ஒரு பகுதியாக, பறவையும் சிறு பிராணியும் ஒதுங்க இடம்விட்டுச் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் ககாடு தேசியப் பூங்காவில் ஆதிகுடிகளின் துணையோடு வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் இத்தகைய தீ வைக்கப்படுகிறது.

நமது சட்டத்திலும் கதவு ஓரளவு திறந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2011-இல் சோலிகரின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை அளிக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வுரிமை அங்கீகாரம் பெற்றது இந்தியாவில் அதுவே முதல் தடவை. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தந்தோம். ஆனால் காப்பதற்கு அவர்கள் கையாண்ட கருவியாகிய தீயை இன்னும் பூட்டியே வைத்திருக்கிறோம்.

இதில் காலதாமதம் செய்வதற்கில்லை. 1974-இல் 20 வயது இளைஞனாகச் சருகுத் தீ வைத்தவருக்கு இன்று 70 வயது கடந்துவிட்டது. எந்த நாளில், எந்தக் காற்றில், எந்தச் சரிவில், எவ்வளவு ஈரம் இருக்கையில் தீயை இடுவது என்ற வித்தை ஏட்டில் எழுதப்பட்டதன்று. கை அறிந்தது, கண் அறிந்தது. அவர் பேரன் அதைச் செய்து பார்த்ததில்லை. புல்லின் விதையை மீண்டும் சேகரித்துவிடலாம். அந்த அறிவின் விதை ஒருமுறை அழிந்தால் எங்கே போய்ச் சேகரிப்பது? வன அதிகாரியும் விஞ்ஞானியும் அம்முதியவரும் ஓரிடத்தில் அமர்ந்து, சில ஏக்கர் நிலத்திலேனும் பரீட்சை செய்து, பலாபலனை எழுதிவைக்க வேண்டிய வேளை இதுவே.

வயலுக்கு வேலி போட்டுவிட்டுக் களையெடுக்க மறந்த உழவனை நாம் விவசாயி என்று சொல்லமாட்டோம். காட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும். அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு மலைச்சாலையில் செல்லும்போது, இருபுறமும் தெரியும் பசுமையைக் கண்டு மகிழுமுன், அது புல்லா, புதரா என்று குழந்தைகளை ஒருமுறை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.